எட்டுப் பவுனும் ஃபுல் ஃப்ரேமும்

ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. ஆகவே திருமண வீடுகளை நம்பிப் பிழைக்கும் ஒளிப்படக்காரர்களுக்கு அது கருவிகளைத் துடைத்து வைக்கவும், வராத பாக்கியை நினைத்துப் பெருமூச்சு விடவும், அடுத்து என்ன வாங்கலாம் என்று கணக்குப் போடவும் வாய்த்த மாதம். சென்ற ஆண்டு அத்தகைய ஓர் ஆடி மாலையில், நம்மிடம் முதுகலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் வீட்டிற்கு வந்திருந்தார். படிப்பு முடிந்து ஆறாண்டுகள் ஆகின்றன. எழுத வேண்டிய தேர்வுகளையெல்லாம் எழுதித் தேறியும் நிலையான பணி அமையாமல், சில காலம் மதிப்பூதியத்திற்குப் பாடம் நடத்திப் பார்த்து, பிறகு கேமராவைக் கையில் எடுத்தவர். (அந்தக் கதைக்குள் நுழைந்தால் இக்கட்டுரை திரும்பி வராது, பிறிதொரு சமயம் பார்க்கலாம்.)

நலம் விசாரித்து முடித்தபின், பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கடைக்காரர் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியல். உடல் ஒன்று, லென்ஸ் இரண்டு, உதிரிகள். கூட்டுத்தொகை நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்தது.

“ஃபுல் ஃப்ரேம் இல்லாமல் இனித் தொழில் பண்ண முடியாது என்கிறார்கள் ஐயா. வீட்டில் எட்டுப் பவுன் இருக்கிறது. வைத்துவிடலாமா?” என்றார்.

நகை அவர் மனைவியுடையது. அவருடைய கேமராவோ ஏபிஎஸ்-சி எனப்படும் நடுத்தர அளவு உணரி கொண்டது, 24 மெகாபிக்சல், வாங்கி நான்காண்டுகள் ஆகியும் பழுதின்றி உழைப்பது. நம்மிடம் இதைக் கேட்பானேன் என்று வாசகர்கள் வியக்கக்கூடும். ஒளிப்படம் நமக்கு நெடுநாள் பொழுதுபோக்கு. தவிரவும், துறையிலுள்ள சில ஓலைச்சுவடிக் கட்டுகளைப் படமாக்கும் வேலை நம் தலையில் விழுந்ததிலிருந்து, இந்த அளவுகளைப் பற்றி விரும்பியும் விரும்பாமலும் நிறையப் படிக்க நேர்ந்தது. அன்றிரவு அவரிடம் சொன்னதையும், சொல்லத் தவறியதையும் இங்கே எழுதி வைக்கிறோம்.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. கலைச்சொல் அகராதிகளில் உணரி, கடைத்தெருவில் சென்சார். ஃப்ரேம் என்பதைச் சட்டம் என்கிறோம். சட்டத்துக்கு விதி என்றும் ஒரு பொருள் உண்டல்லவா? தொழிலில் இப்போது அந்த இரண்டாம் பொருளே ஓங்கி நிற்கிறது. முழுச் சட்டம் என்பது ஓர் அளவின் பெயராக இல்லாமல், தொழிலுக்குள் நுழைவதற்கான விதியாகிவிட்டது.

அந்த ‘முழு’ எங்கிருந்து வந்தது? ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில், லைட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் என்பவர், திரைப்படச் சுருளில் சாதாரணப் படமெடுக்கும் சிறு கருவி ஒன்றை முதல் உலகப் போருக்குச் சற்று முன்னர் செய்து பார்த்தார். திரைப்படத்தின் ஒரு சட்டம் 18×24 மில்லிமீட்டர். அவர் அதை இரட்டித்து 24×36 ஆக்கினார். 1925இல் லைக்கா என்ற பெயரில் அக்கருவி சந்தைக்கு வந்தது. கண்ணாடித் தகடுகளைத் தூக்கித் திரிந்த அக்காலத்துத் தொழிலர்களின் கண்ணுக்கு இது விளையாட்டுச் சாமான். 24×36 என்னும் அளவுக்கு அன்று வழங்கிய பெயரே ‘மினியேச்சர்’ என்பதுதான். நகத்தளவுப் படத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஏளனம் செய்யப்பட்ட அதே அளவு, எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, தன்னைவிடச் சிறிய மின்னணு உணரிகள் வந்து பக்கத்தில் நின்றவுடன் ‘முழு’ ஆகிவிட்டது. குள்ளமானவர் பக்கத்தில் நின்றதால் ஒருவர் நெட்டையரான கதை.

சிறியவற்றுக்குச் சூட்டிய பெயரோ அதனினும் கொடியது. ‘க்ராப் சென்சார்’ என்கிறார்கள். வெட்டியது, குறைத்தது என்று பொருள். எதிலிருந்து வெட்டினார்கள்? பழைய 35 மில்லிமீட்டர் லென்ஸைச் சிறிய உணரிக்கு முன்னால் மாட்டினால், லென்ஸ் வரையும் வட்டத்தின் ஓரம் வீணாகும். அந்த நிலையில் வெட்டுதல் என்ற சொல் பொருந்தும். 2003இல் ஒலிம்பஸ் கொண்டுவந்த ஃபோர் தேர்ட்ஸ் முறையிலும், 2012 முதல் ஃபூஜிஃபிலிமின் எக்ஸ் வரிசையிலும் லென்ஸே அந்த உணரிக்கென்று செய்யப்பட்டது. அங்கே வெட்டப்பட்டது ஒன்றுமில்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் பெயர் ஒட்டிக்கொண்டால் என்னவெல்லாம் நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. பெயர்களின் குளறுபடிக்கு மற்றொன்றும் சொல்லலாம். ‘ஓரங்குல’ உணரி என்று விற்பது 13.2×8.8 மி.மீ.; மூலைக்கு மூலை அளந்தாலும் 16 மில்லிமீட்டரைத் தாண்டாது. பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாயின் வெளிக் கண்ணாடி ஓரங்குலம் இருந்ததாம். அந்தக் கணக்கு இன்றுவரை தொடர்கிறது.

அளவுகளை ஒருமுறை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. முழுச் சட்டம் 36×24 மி.மீ.; பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். ஏபிஎஸ்-சி ஏறத்தாழ 23.5×15.6, முன்னதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3×13, கால் பங்கு. மறுபக்கம், மீடியம் ஃபார்மட் என்ற பெயரில் ஃபூஜிஃபிலிமும் ஹாசல்பிளாடும் விற்பவற்றில் பெரும்பாலானவை 43.8×32.9, முழுச் சட்டத்தைப்போல ஒன்றேமுக்கால் மடங்குக்குச் சற்றுக் கீழ். ஆக, ‘முழு’வுக்கு மேலேயும் உண்டு.

பெரிய உணரி ஏன் நல்லது என்பதற்கு எல்லாரும் சொல்லும் விளக்கம் மழையும் பாத்திரமும். மழையில் அண்டாவை வைத்தால் அதிகம் நிறையும், செம்பை வைத்தால் குறைவாக நிறையும். உண்மைதான். ஒளி துளித்துளியாகவே வருகிறது. அத்துளிகளின் வருகை ஒழுங்கற்றது. ஓரிடத்தில் நூறு துளி விழவேண்டுமென்றால் பத்துத் துளி கூடவோ குறையவோ விழும். பத்தாயிரம் விழவேண்டிய இடத்தில் நூறு கூடலாம், குறையலாம். முதலாவதில் பத்து விழுக்காட்டுத் தடுமாற்றம். இரண்டாவதில் ஒரு விழுக்காடு. இத்தடுமாற்றமே இருட்டில் எடுத்த படத்தில் மணல் தூவினாற்போலத் தெரியும் புள்ளிகள். தொழிலில் ‘நாய்ஸ்’ என்பர். ஒளி கூடினால் மணல் குறையும். பெரிய உணரி கூடுதல் ஒளி பெறும். ஆகவே பெரியது சிறந்தது.

இந்த உவமையில் ஓர் ஓட்டை இருக்கிறது. உணரி திறந்த வெளியில் மழையில் நனைவதில்லை. கூரைக்குக் கீழே, ஒரு தகரக்குழாய் கொண்டுவந்து ஊற்றும் நீரைத்தான் அது ஏந்துகிறது. அந்தக் குழாய்தான் லென்ஸ். குழாயின் வாய் எவ்வளவு அகலமோ அவ்வளவே நீர். அதற்குக் கீழே அண்டாவை வைத்தாலும் செம்பை வைத்தாலும் விழுகிற நீர் ஒன்றுதான்.

இதை மாணவருக்குத் தாளில் எழுதிக் காட்டினோம். முழுச் சட்டத்தில் 50 மி.மீ. லென்ஸை எஃப் 2.8இல் திறந்தால், திறப்பின் விட்டம் 50ஐ 2.8ஆல் வகுத்து வருவது, அதாவது 18 மி.மீ. அளவு. அதே காட்சிக் கோணத்துக்கு ஏபிஎஸ்-சியில் 33 மி.மீ. லென்ஸ் வேண்டும். அதை எஃப் 1.8இல் திறந்தால்? 33ஐ 1.8ஆல் வகுத்தால் அதே 18 மி.மீ. ஒரே திறப்பு, ஒரே ஷட்டர் வேகத்தில் ஒரே அளவு ஒளி, தெளிவின் ஆழமும் ஒன்றே, மணலும், உணரிகள் ஒரே தலைமுறையினவாயின், ஏறத்தாழ ஒன்றே. கடைக்காரர் எழுதிக் கொடுத்த பட்டியலில் இருந்தது எஃப் 2.8 ஜூம் லென்ஸ். சிக்மா நிறுவனம் 2013லேயே ஏபிஎஸ்-சிக்கென்று 18இலிருந்து 35 வரை, முழு நீளத்துக்கும் எஃப் 1.8 திறப்புடைய ஜூம் ஒன்றைக் கொண்டுவந்தது. அதை அவருடைய பழைய உடலில் மாட்டினால், முழுச் சட்டத்தில் 27இலிருந்து 52 வரையிலான எஃப் 2.7 லென்ஸ் என்ன செய்யுமோ அதைச் செய்யும். பழைய கைக்கு மாறிய விலையில் அது எட்டுப் பவுனில் ஒரு பவுன்கூடப் பிடிக்காது.

“அப்படியென்றால் இத்தனை பேரும் ஏமாந்தா வாங்குகிறார்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இல்லை. முழுச் சட்டத்துக்கு எஃப் 2.8 மட்டுமா இருக்கிறது? 85 மி.மீ. எஃப் 1.4 லென்ஸ் இருக்கிறது. அது தரும் மெல்லிய தெளிவையும், பின்புலம் கரைந்து பாலாய் ஓடுவதையும் ஏபிஎஸ்-சியில் பெறவேண்டுமானால் 56 மி.மீ.யில் எஃப் 1க்கும் கீழே போகவேண்டும். அத்தகைய லென்ஸுகள் அரிது, தானியங்கிக் குவியம் உள்ளவை அதனினும் அரிது. ஒருவருடைய கையெழுத்தே அந்தக் கரைந்த பின்புலம்தான் என்றால், அவர் பெரிய உணரிக்குப் போகத்தான் வேண்டும். இன்னொன்றும் உண்மை. பெருநிறுவனங்களில் சில, தங்கள் நல்ல லென்ஸுகளையெல்லாம் முழுச் சட்டத்துக்கென்று செய்துவிட்டு, ஏபிஎஸ்-சி வாங்கியவருக்கு எளிய ஜூம் ஒன்றைக் கொடுத்துக் கைகழுவின. இது ஒளியியல் விதித்த குறை அன்று, வணிகம் விதித்தது. ஆனாலும் வாங்குபவருக்குக் குறை குறைதானே.

ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, அவருடைய வேலைக்கு எது வேண்டும் என்பது. மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். நாற்பது திருமணங்களில் முப்பது திருமணங்களில் மேடை எப்படியிருக்கிறது? வீடியோக்காரர் இரு பக்கமும் விளக்கைப் பிடித்திருக்கிறார். மேடைக்குப் பின்னால் எல்இடி திரை. மணமக்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார்கள். அங்கே ஒளிக்குப் பஞ்சமில்லை. (எல்இடி திரையால் படத்தில் கோடு கோடாக விழும் தொல்லைக்கும் உணரியின் அளவே மருந்து என்று ஒரு கடைக்காரர் அவரிடம் சொல்லியிருக்கிறார். அதற்கு மருந்து ஷட்டர் வேகத்தைத் திருத்துவது.) மேடையில் நடப்பது பெரும்பாலும் குழுப்படம். முன்வரிசையில் குழந்தைகள், நடுவில் மணமக்கள், பின்னால் பெரியப்பா, சித்தப்பா வகையறா. மூன்று மீட்டர் தொலைவில், முழுச் சட்டத்தில் 50 மி.மீ.யை எஃப் 2.8இல் திறந்தால் தெளிவின் ஆழம் மொத்தமே இரண்டடி. பெரியப்பா கலங்கிப் போவார். அந்தக் கலங்கலைக் கலை என்று அவரிடம் விளக்க முடியாது. அவரையும் தெளிவாக்க எஃப் 5.6க்கு மூடினால் நாலடி கிடைக்கும். ஆனால் திறப்பைச் சுருக்கியதுமே பெரிய உணரி தந்த ஒளி ஆதாயம் போய்விட்டது. ஐஎஸ்ஓவை ஏற்றவேண்டும், மணல் வரும். ஏபிஎஸ்-சிக்காரர் எஃப் 4க்குச் சற்றுக் கீழே வைத்து அதே படத்தை அதே மணலோடு எடுத்துவிட்டுப் பந்திக்குப் போயிருப்பார்.

மீதிப் பத்துத் திருமணங்கள் வேறு. கோயிலில் நடப்பவை, ஃப்ளாஷ் கூடாது என்பார்கள், விடியுமுன் முகூர்த்தம், குத்துவிளக்கும் ஓமப் புகையும்தான் ஒளி. தாலி கட்டும் அந்த அரை நிமிடத்தில், மணப்பெண்ணின் முகமும் தாலியைத் தொட்டிருக்கும் விரல்களும் விழுந்தாகவேண்டும். மறுபடி கட்டச் சொல்ல முடியாது. இங்கே ஒவ்வொரு துளி ஒளியும் காசு. இங்கே முழுச் சட்டமும் எஃப் 1.4 லென்ஸும் உள்ளவர் மற்றவரைவிட ஒரு படி மேலே நிற்பார் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பரப்பின் கணக்குப்படி, ஒரே எஃப் எண்ணில் முழுச் சட்டத்துக்கும் ஏபிஎஸ்-சிக்கும் உள்ள வேறுபாடு ஒன்றேகால் ஸ்டாப். ஐஎஸ்ஓ 6400இல் இவர் பெறும் படத்தை அவர் 2700 அளவில் பெறுவார். பத்துத் திருமணங்களில் இந்த ஒன்றேகால் ஸ்டாப்புக்காக நான்கு இலட்சமா என்பதே கணக்கு.

எடுத்த படம் எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் பார்க்கவேண்டும். நம் ஊர்களில் ஆல்பத்தின் விரித்த பக்கம் பெரும்பாலும் 12×36 அங்குலம். ஒரு பக்கம் 12×18. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்னும் உயர்ந்த கணக்கை வைத்தாலும் 3600×5400 பிக்சல் போதும். அவருடைய 24 மெகாபிக்சல் உணரி தருவது 4000×6000. நான்காண்டுகளாக அவர் கையில் இருந்த கருவி, அவர் செய்துகொடுக்கும் மிகப் பெரிய பொருளுக்கே மிஞ்சியதாக இருந்திருக்கிறது.

வரலாறு இதற்கு எத்தனையோ சான்று தரும். 1999இல் நிக்கான் டி1 வந்தபோது அதன் உணரி இன்றைய ஏபிஎஸ்-சி அளவுதான். மெகாபிக்சல் மூன்றுகூட இல்லை. நிக்கானின் முதல் முழுச் சட்டக் கருவியான டி3 வந்தது 2007இல். இடைப்பட்ட எட்டாண்டுகளில் நிக்கானின் மின்னணுக் கருவியோடு போர்முனைக்கும் ஒலிம்பிக் மைதானத்துக்கும் போன செய்தியாளர் அனைவரும் இப்போதைய மொழியில் ‘க்ராப்’காரர்கள். கேனான் 2002லேயே 1டிஎஸ் என்ற முழுச் சட்டக் கருவியை வெளியிட்டது. ஆனால் விளையாட்டுச் செய்தியாளர்களுக்கென்று வைத்திருந்த 1டி வரிசைக்கு 2009 வரை சற்றுச் சிறிய உணரியையே பொருத்தியது. எவரும் அவர்களைத் தொழிலர் அல்லர் என்று சொன்னதாகத் தெரியவில்லை.

இதைவிடப் பெரிய சான்று திரையரங்கில் இருக்கிறது. 2012இல் ஆங் லீ இயக்கிய ‘லைஃப் ஆஃப் பை’ படத்தின் ஒரு பகுதி புதுச்சேரியில் எடுக்கப்பட்டது நினைவிருக்கலாம். ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பெற்ற படம். எடுத்த கருவி ஆரி அலெக்ஸா; அதன் உணரியின் அகலம் ஏறத்தாழ 24 மில்லிமீட்டர். திரைத்துறையில் சூப்பர் 35 என்பர். மாணவர் கையிலிருந்த உணரியின் அகலமும் அதுவே. நாற்பதடித் திரையில் புலியின் மீசையை எண்ணிப் பார்த்தவர்கள் எவரும் உணரி சிறிது என்று எழுந்து போகவில்லை. அலெக்ஸாவின் விலை வேறு, அதற்குப் பின்னாலிருந்த விளக்குகளும் ஆட்களும் வேறு என்பதை அறிவோம். அதைத்தான் சொல்ல வருகிறோம். அவர்கள் பணத்தை விளக்கிலும் லென்ஸிலும் கொட்டினார்கள்.

பறவைகளைப் படமெடுப்போர் கதை இதற்கு நேர்மாறு. வேடந்தாங்கலில் மரத்தில் அடங்கும் நத்தைக்குத்தி நாரையைக் கரையிலிருந்து பிடிக்க 600 மி.மீ. கோணம் வேண்டும். முழுச் சட்டத்துக்கான 600 மி.மீ. எஃப் 4 லென்ஸின் எடை மூன்று கிலோ. விலையைச் சொன்னால் நாரையே பறந்துவிடும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 300 மி.மீ. லென்ஸ் அந்தக் கோணத்தைத் தரும். எடை ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். ஒளி குறையும் என்பது மெய். காலை ஒன்பது மணி வெயிலில் அது பெரிய இழப்பன்று. வயதான கைகளுக்கு எடையும் ஓர் ஒளியியல் விதிதான்.

இனி நம் சுவடிக் கதை. இதில் நாமே ஒருமுறை மயங்கினோம் என்பதைச் சொல்லிவிடவேண்டும். நல்ல நிலையிலுள்ள ஏடு ஒன்று 40 செ.மீ. நீளம், மூன்றரை செ.மீ. அகலம். 24 மெகாபிக்சல் உணரியில் அதை நீளவாக்கில் நிரப்பி எடுத்தால் அங்குலத்துக்கு 380 பிக்சல் கிடைக்கிறது. சட்டத்தில் எட்டில் ஏழு பங்கு வெறும் கறுப்புத் துணி. அங்குலத்துக்கு 600 வேண்டுமென்று நாம் எண்ணினோம். 61 மெகாபிக்சல் முழுச் சட்டமோ, 102 மெகாபிக்சல் மீடியம் ஃபார்மட்டோ வாங்கவேண்டுமென்று விண்ணப்பம்கூட எழுதிவிட்டோம். தொகையைக் கண்டதும் அலுவலகத்திலிருந்து அது வந்த வேகத்தில் திரும்பியது. அன்று கோபம் வந்தது. இன்று இல்லை.

ஏனெனில் இங்கே உணரியின் பரப்பு ஒரு பொருட்டே அன்று. ஏடு அசைவதில்லை, கேமரா தாங்கியில் நிற்கிறது, ஐஎஸ்ஓ 100இல் இரண்டு நொடி வேண்டுமானாலும் திறந்து வைக்கலாம். குழாயின் வாய் சிறிதாயினும் அண்டா நிறையும்வரை காத்திருக்க எவர் தடுத்தார்? வேண்டியது பிக்சல் எண்ணிக்கை. அதற்கும் வழி இருந்தது. ஏட்டை இரண்டு பாதியாக, நடுவில் சிறிது ஒன்றன்மேலொன்று படியுமாறு எடுத்து ஒட்டினால், அதே பழைய 24 மெகாபிக்சலில் அங்குலத்துக்கு 690 வரை வருகிறது. வேலை இரட்டிப்பு, செலவு இல்லை. உண்மையில் நம்மை வருத்தியது வேறு. மை மங்கிய ஏட்டில் எழுத்தாணியின் கீறல் மட்டும் எஞ்சியிருக்கும். நேர் மேலேயிருந்து ஒளி விழுந்தால் 102 மெகாபிக்சலிலும் அது தெரியாது. விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வைத்தால், கீறலின் ஒரு கரையில் நிழல் விழுந்து ‘க’வும் ‘ச’வும் எழுந்து நிற்கின்றன. முந்நூறு ரூபாய் விளக்கை எங்கே வைப்பது என்று அறிய நமக்கு இரண்டு மாதம் பிடித்தது.

இவ்விடத்தில் லின்னேயஸ் ட்ரைப்பை நினையாதிருக்க இயலவில்லை. சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக இருந்த கம்பெனிப் படை அதிகாரி. 1858இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டுகளைப் படமெடுத்தார். அவருடைய எதிர்மறைத் தாள் ஓரடிக்கு மேல் நீளமுடையது. இன்றைய எந்த உணரியும் அதன் பக்கத்தில் தபால்தலை. அத்தனை பெரிய சட்டமும் கல்வெட்டுக்குப் போதவில்லை. கருவியை அடித்தளத்தின் ஓரமாக நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே சுருளாக்கினார். கல்வெட்டு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு அவர் நகர்ந்தார்.

மாணவரிடம் இதையெல்லாம் சொல்லி முடித்தபோது இரவு பத்து மணி. அவர் நகையை வைக்கவில்லை. அந்த எஃப் 1.8 ஜூமைப் பழைய கையில் வாங்கினார்; இரண்டு ஃப்ளாஷும் அவற்றுக்குக் குடையும் வாங்கினார். ஆவணி, ஐப்பசி முகூர்த்தங்களில் எடுத்த படங்களைக் கொண்டுவந்து காட்டினார். ஓமப் புகைக்கு நடுவே ஒரு தாயின் முகம் எடுத்திருந்தார். அதை இங்கே வர்ணிக்கப் போவதில்லை. நமக்கு உள்ளூரப் பெருமிதம். வாத்தியார்களுக்குச் சொன்னது பலித்துவிட்டால் வரும் பெருமிதம்.

அது தை மாதம் வரை நீடித்தது. அவருக்கு இரண்டாவது கேமராவாக அவ்வப்போது வேலை தரும் நகரத்து ஒப்பந்தக்காரர் ஒருவர், “பாடி என்ன வைச்சிருக்கீங்க? ஃபுல் ஃப்ரேம் இருந்தா மட்டும் வாங்க தம்பி” என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் வேலை போயிற்று. அவர் சொன்ன காரணங்களில் ஒன்று நியாயமானது: இரண்டு கேமராவின் படங்களும் ஓர் ஆல்பத்தில் சேரும்போது நிறமும் பின்புலமும் ஒத்துப்போக வேண்டும். மற்றொன்று, பெண் வீட்டாருக்குக் கொடுத்த ஒப்பந்தத் தாளிலேயே ‘2 ஃபுல் ஃப்ரேம் கேமரா’ என்று அச்சடித்திருக்கிறாராம். பெண் வீட்டார் அதன் பொருளை அறியார். ஆனால் அடுத்தவர் கொடுத்த தாளில் அது இருந்து, இவர் தாளில் இல்லாவிட்டால் கேட்பார்கள். திறப்பின் விட்டத்தை வகுத்துக் காட்டிய நாம் இந்த வரியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. ஒளியியல் நமக்குத் தெரிந்திருந்தது. அச்சடித்த தாளின் வலிமை தெரிந்திருக்கவில்லை. தமிழ் படித்தவருக்கு அதுவன்றோ முதலில் தெரிந்திருக்க வேண்டும்!

மறுபடி வந்தார். வருத்தம் முகத்தில் இருந்தது, பேச்சில் காட்டவில்லை. அன்று சேர்ந்து போட்ட கணக்கு இது: ஒப்பந்தக்காரர் கேட்கும் நாள்களுக்கு மட்டும் உடலையும் லென்ஸையும் நாள் வாடகைக்கு எடுப்பது, வாடகையைக் கூலியில் ஏற்றிக் கேட்பது. ஒப்பந்தக்காரர் பாதி வாடகைக்கு ஒத்துக்கொண்டார். சொந்தத் திருமணங்களுக்குப் பழைய கருவியே போய்வருகிறது. ஆண்டுக்கு நாற்பது நாளுக்கு மேல் வாடகைக்கு எடுக்கும் நிலை வந்தால் சொந்தமாக வாங்கிவிடுவதே இலாபம் என்று அவர் கணக்கு. இதுவரை ஆகியிருப்பது 23 நாள். நாற்பதைத் தொட்டால் வாங்குவேன் என்கிறார். நாம் மறுக்கவில்லை. நகை அப்போது தேவைப்படாது என்று அவர் மனைவி தொலைபேசியில் சொன்னார்.